சால்ட் ஸ்பிரிங் தீவுக்குக் குடிபெயரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடலில் சிதறிக் கிடக்கும் கல்ஃப் தீவுகளில் அதிக மக்கள் வாழ்வது சால்ட் ஸ்பிரிங். ஓவியர்களும் குயவர்களும் நெசவாளர்களும் இசைக்கலைஞர்களும் நிறைந்த தீவு என்று அதற்குப் பெயர். கோடையில் ஒரு சனிக்கிழமை வந்து சந்தையைச் சுற்றிப் பார்த்தவர்களில் பலர், திரும்பும் ஃபெர்ரியிலேயே 'இங்கேயே வந்துவிட்டால் என்ன?' என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பேச்சு ஓயாதவர்களுக்காகவே இந்தக் கேள்வி பதில்கள்.

தீவு எவ்வளவு பெரியது? அங்கே என்னதான் இருக்கிறது?

பரப்பு ஏறத்தாழ 180 சதுர கிலோமீட்டர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 11,635 பேர். கான்ஜஸ் என்னும் சிற்றூர்தான் மையம். மளிகைக் கடைகள், வங்கி, நூலகம், மருத்துவமனை, மேல்நிலைப் பள்ளி எல்லாம் அங்கும் அதை ஒட்டியும் உள்ளன. தெற்கே ஃபுல்ஃபோர்டு, மேற்கே வெசூவியஸ் ஆகிய சிறு துறைமுகங்கள் இருக்கின்றன. மற்ற இடமெல்லாம் காடு, மலை, ஆட்டுப் பண்ணை, பழத்தோட்டம், மரங்களுக்குள் மறைந்த வீடுகள். 2008 முதல் பேருந்து ஓடுகிறது என்றாலும், பெரும்பாலான வீடுகளில் கார் இல்லாமல் காலம் தள்ளுவது கடினம்.

'கலைஞர்களின் தீவு' என்ற பெயர் விளம்பரம்தானா, உண்மையா?

உண்மை, ஆனால் அது தானாக நேர்ந்ததல்ல. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும், வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்த அமெரிக்க இளைஞர்களும், நகர வாழ்வைத் துறந்து மண்ணோடு வாழ விரும்பியவர்களும் இந்தத் தீவுகளுக்கு வந்தார்கள். அன்று நிலம் மலிவு. பழைய கொட்டகை ஒன்றைச் சரிசெய்து, பாதியில் சூளையும் மீதியில் குடும்பமுமாக வாழ முடிந்தது. வனவிலங்கு ஓவியத்தால் உலகப் புகழ் பெற்ற ராபர்ட் பேட்மன் இங்கே பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். 2001-இல் தீவு தனக்கென்று 'சால்ட் ஸ்பிரிங் டாலர்' என்ற உள்ளூர்ப் பணத்தையே அச்சிட்டது. தாள்களை அழகுபடுத்தியவை உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகள்.

அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் அமைப்புகளும் உண்டு. 1902-இல் கட்டப்பட்ட மேஹன் மண்டபத்தில் ஒவ்வொரு கோடையிலும் கைவினைப் பொருள்கள் விற்பனைக்கு வைக்கப்படுகின்றன. 1999-இல் திறக்கப்பட்ட ஆர்ட்ஸ்பிரிங் அரங்கில் நாடகமும் இசையும் கண்காட்சியும் நடக்கின்றன. 2015 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நாடளாவிய ஓவிய, சிற்பப் பரிசு ஒன்றும் தீவின் பெயரில் வழங்கப்படுகிறது. பத்தாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு இது குறைவான செல்வமல்ல.

ஆனால் அன்று கலைஞர்களை வரவழைத்தது மலிவான நிலம். இன்று அந்த மலிவு இல்லை. தீவுக்கு வர நினைப்பவர் முதலில் எடைபோட வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. கீழே வரும் பதில்களில் பல இந்த ஒரு மாற்றத்தின் கிளைகளே.

என் கைவேலையை வைத்தே அங்கே பிழைக்க முடியுமா?

சிலர் பிழைக்கிறார்கள். பலர் அதை வேறொரு வருமானத்தோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கான்ஜஸ் பூங்காவில் நடக்கும் சனிக்கிழமைச் சந்தையில், விற்பவர் தீவுவாசியாக இருக்க வேண்டும். விற்கும் பொருளைத் தாமே செய்திருக்க வேண்டும், சுட்டிருக்க வேண்டும் அல்லது விளைவித்திருக்க வேண்டும். மொத்தமாக வாங்கி விற்பவருக்கு அங்கே இடமில்லை. இந்தக் கட்டுப்பாடுதான் சந்தையின் மதிப்பைக் காக்கிறது. புதிதாக வருபவருக்குப் போட்டியைக் கடுமையாக்குவதும் அதுவே. நீங்கள் குயவர் என்றால், பல ஆண்டுகளாக வாடிக்கையாளர்களைச் சேர்த்து வைத்திருக்கும் குயவர்களுக்குப் பக்கத்தில் கடை விரிக்கிறீர்கள்.

சந்தைக்கு அப்பால், கலைஞர்கள் தம் பட்டறைகளைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைக்கும் வழக்கம் உண்டு. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டறையாக வண்டியில் சுற்றி வரலாம். சாலையோரம் பலகை வைத்து வீட்டிலேயே விற்கலாம். இவையெல்லாம் சுற்றுலாப் பயணிகளை நம்பியவை. நவம்பரில் அவர்கள் இல்லை. ஆகவே ஏழு மாத விற்பனையில் பன்னிரண்டு மாதச் செலவை ஈடுகட்ட முடியுமா என்று தாளில் எழுதிப் பாருங்கள். களிமண், கண்ணாடி, சட்டகம், மரம் போன்ற மூலப்பொருள்கள் ஃபெர்ரியில் வந்து சேரும் செலவையும், முடிந்த படைப்பு அதே வழியில் திரும்பிப் போகும் செலவையும் அந்தத் தாளில் சேர்க்க மறக்க வேண்டாம். வெளியூர்க் காட்சிக்கூடம் ஒன்றோ இணையவழி விற்பனையோ முன்னரே கையில் இருப்பவருக்குத் தீவு நல்ல பட்டறையாகும். அங்கே போய்த்தான் சந்தையைத் தேடவேண்டும் என்றால் முதல் சில ஆண்டுகள் கடினமாகவே இருக்கும்.

வேறு வேலைகள் கிடைக்குமா?

கிடைக்கும். தச்சர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், செவிலியர், முதியோர் பராமரிப்பாளர் ஆகியோருக்கு எப்போதும் தேவை இருக்கிறது. அவர்களுக்கு வேலையைவிட வீடு கிடைப்பதுதான் அரிது.

வாடகை வீடு எப்படி?

தீவின் மிகப் பெரிய சிக்கல் இதுதான். ஆண்டு முழுவதும் குடியிருக்கக்கூடிய வாடகை வீடுகள் மிகக் குறைவு. வேலையில் இருப்பவர்களே இழுவை வண்டிகளிலும் துறைமுகத்தில் கட்டிய படகுகளிலும் குடியிருப்பதைத் தீவில் யாரும் வியப்பாகப் பேசுவதில்லை, அவ்வளவு வழக்கமாகிவிட்டது.

விளம்பரங்களில் 'செப்டம்பர் முதல் ஜூன் வரை' என்று ஒரு வகை வீடு அடிக்கடி கண்ணில் படும். உரிமையாளர் கோடையில் தாமே வந்து தங்குவார். மற்ற மாதங்களில் நீங்கள் இருக்கலாம். ஒவ்வொரு கோடையிலும் மூட்டை கட்ட வேண்டிய இந்த வாழ்க்கைக்குப் பழகிப்போன குடும்பங்கள் உண்டு. தீவு அமைந்துள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2017 டிசம்பர் முதல், குறித்த காலம் முடிந்ததும் வாடகைதாரர் வெளியேறியே ஆகவேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்குக் கட்டுப்பாடு உள்ளது. உரிமையாளரோ அவருடைய நெருங்கிய குடும்பத்தினரோ அந்த வீட்டில் வந்து தங்கப்போவது போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கே அது செல்லும். ஆகவே கையெழுத்திடும் முன், கோடையில் அங்கே உண்மையில் யார் தங்கப்போகிறார்கள் என்று கேட்பது நாகரிகக் குறைவல்ல.

வீடுகள் காலியாகக் கிடப்பதற்கு வரிச் சட்டமும் தடையாக இல்லை. மாகாணத்தின் குறிப்பிட்ட பகுதிகளில் காலி வீடுகளுக்கு விதிக்கப்படும் ஊகவணிக வரி, கடல்வழியாகவோ வான்வழியாகவோ மட்டுமே அடையக்கூடிய இத்தகைய தீவுகளுக்குப் பொருந்தாது.

இவ்வளவு காடு இருக்கிறதே, ஏன் நிறைய வீடுகள் கட்டக் கூடாது?

தீவுக்குப் புதியவர்கள் எல்லாரும் கேட்பது இது. விடை அறுபது ஆண்டு பழையது. 1960களில் பக்கத்திலுள்ள வடக்கு பென்டர் தீவில் ஏறத்தாழ 1,200 மனைகள் கொண்ட ஒரே மனைப்பிரிவு உருவானபோது, தீவுகள் எல்லாம் புறநகர்களாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1969-இல் மாகாண அரசு, பத்து ஏக்கருக்குக் குறைவான மனைகளாக நிலத்தைப் பிரிப்பதை நிறுத்தி வைத்தது. 1974-இல் தனிச் சட்டத்தின் மூலம் ஐலண்ட்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பு பிறந்தது. அந்தத் தீவுகளையும் அவற்றின் தனித்தன்மையையும் இயற்கையையும் காப்பதே அதன் சட்டப்படியான நோக்கம். நில உபயோக விதிகளை வகுப்பது இந்த அமைப்புதான். வளர்ச்சி அதன் முதல் கவலை அல்ல.

சால்ட் ஸ்பிரிங்குக்கு நகராட்சி கிடையாது. சாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. பூங்காக்களும் வேறு பல சேவைகளும் மாகாணத் தலைநகரான விக்டோரியாவைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டார அமைப்பின் பொறுப்பு. நில விதிகள் டிரஸ்ட்டின் பொறுப்பு. நகராட்சியாக மாறலாமா என்று 2002-லும் 2017-லும் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் மக்கள் 'வேண்டாம்' என்றார்கள். இதைப் பிற்போக்கு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், தீவைக் காத்த முடிவு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே தேநீர்க் கடை வரிசையில் சந்திப்பீர்கள் என்பதால், வந்த முதல் மாதமே கருத்துச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது.

இந்தக் கட்டுப்பாடுகளை நான் குறைகூறவில்லை. நீங்கள் விரும்பி வரும் காடும் அமைதியும் அவற்றால்தான் எஞ்சியிருக்கின்றன. உங்களுக்கு வீடு கிடைக்காததற்கும் பெரிய அளவில் அவையே காரணம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்கும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தண்ணீரைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்களே, மழை பெய்யும் ஊர்தானே?

மழை குளிர்காலத்தில் பெய்கிறது; தண்ணீர் தேவைப்படுவது கோடையில். வான்கூவர் தீவின் மலைகளுக்கு மறைவான மழைநிழல் பகுதியில் இருப்பதால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் மிகவும் வறண்டவை. தீவுக்குப் பனிமலையும் இல்லை, வெளியிலிருந்து வரும் ஆறும் இல்லை. குளிர்காலத்தில் ஏரியிலும் பாறையிடுக்கிலும் சேர்ந்ததுதான் ஆண்டு முழுவதற்கும்.

கான்ஜஸ் உட்பட வடபகுதிக்குச் செயின்ட் மேரி ஏரியிலிருந்தும் மேக்ஸ்வெல் ஏரியிலிருந்தும் குழாய்நீர் வருகிறது. அதை வழங்கும் நீர் வாரியம் 2014-இல் புதிய இணைப்புகள் தருவதை நிறுத்தி வைத்தது. இதன் பொருள் என்னவென்றால், நீங்கள் வாங்கும் காலி மனைக்கு முன்னால் குழாய் ஓடினாலும் அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட உங்களுக்கு உரிமையில்லாமல் போகலாம். மனை வாங்குமுன், இணைப்பு உண்டு என்பதை வாரியத்திடமிருந்தே எழுத்தில் பெறுங்கள்; தரகர் சொல்வது போதாது. செயின்ட் மேரி ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகி நீரின் தரம் கெட்ட காலங்களும் உண்டு.

மற்ற இடங்களில் ஆழ்துளைக் கிணறுதான். பிளந்த பாறையில் தோண்டிய கிணறு ஏப்ரலில் தாராளமாகச் சுரக்கும். செப்டம்பரில் சேறாகக் கக்கும். கடற்கரை ஒட்டிய கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே புகுந்துவிடும். அப்படி உப்பேறிய கிணற்றை மீட்பது எளிதல்ல. கிணறு போதாதவர்கள் கூரை மழைநீரைப் பெரிய தொட்டிகளில் சேமிக்கிறார்கள், அல்லது லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். கோடைக் கடைசியில் தோட்டம் காய்ந்து கிடக்கும் வீட்டைப் பார்த்து, சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் குளிப்பதற்குத் தண்ணீரைக் காப்பாற்றுகிறார்கள்.

வீடு வாங்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்?

கிணற்றைக் கோடையின் இறுதியில் சோதியுங்கள். அது இயலாவிட்டால், துளையிட்டவரின் பதிவையும் முந்தைய ஆண்டுகளின் நீர்த்தரப் பரிசோதனைகளையும் கேளுங்கள். கான்ஜஸுக்கு வெளியே பெரும்பாலான வீடுகளுக்குத் தனிக் கழிவுநீர்த் தொட்டிதான். அதன் வயதையும் வடிகால் நிலத்தின் நிலையையும் தகுதி பெற்றவரைக்கொண்டு பார்க்க வேண்டும். விறகு அடுப்பு இருந்தால், காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் அதற்குத் தனி ஆய்வுச் சான்றிதழ் கேட்கும். தீயணைப்பு நிலையத்திலிருந்தும் தீயணைப்பு நீர்க்குழாயிலிருந்தும் வீடு இருக்கும் தூரத்தைப் பொறுத்து காப்பீட்டுக் கட்டணம் மாறும் என்பதால், விலை பேசுமுன் அதையும் விசாரித்துவிடுங்கள்.

அதிகம் பேர் எண்ணிப் பார்க்காத ஒன்று, நிலத்தடியில் இருக்கும் தொல்லியல் எச்சங்கள். ஐரோப்பியர் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே கோஸ்ட் சாலிஷ் என்னும் பழங்குடி மக்கள் இந்தக் கரைகளில் வாழ்ந்திருக்கிறார்கள். கிளிஞ்சல் மேடுகளும் அடக்கத் தலங்களும் தனியார் நிலத்துக்குள் இருந்தாலும் மாகாணச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கான்ஜஸ் துறைமுகத்திலுள்ள கிரேஸ் தீவுத்திட்டில், பழங்குடியினரின் அடக்கத் தலத்தின் மேலேயே வீடு எழும்பத் தொடங்கி, பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2015-இல் மாகாண அரசு அந்த நிலத்தை வாங்கியது. கடலோர மனையை வாங்குபவர், பதிவான தொல்லியல் தலம் உள்ளதா என்று மாகாணத் தொல்லியல் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது சட்டத்துக்கும் நல்லது, மரியாதையும்கூட.

வாங்கும் முடிவை மாற்றிக்கொள்ள மாகாணச் சட்டம் 2023 முதல் மூன்று வேலை நாள்கள் தருகிறது. அப்படி விலகினால் விலையில் 0.25 சதவீதம் செலுத்த வேண்டும். தீவுக் கிணறு ஒன்றைச் சோதிக்க மூன்று நாள் போதாது. ஆகவே தண்ணீர், கழிவுநீர், காப்பீடு ஆகிய மூன்றும் திருப்தியாக அமைந்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஃபெர்ரியை நம்பி வாழ்வது எப்படி இருக்கும்?

மூன்று வழிகள் உள்ளன. ஃபுல்ஃபோர்டிலிருந்து வான்கூவர் தீவிலுள்ள ஸ்வார்ட்ஸ் பேவுக்கு 35 நிமிடம். அங்கிருந்து விக்டோரியா நகரம் அரைமணி நேரக் கார்ப் பயணம். வெசூவியஸிலிருந்து அதே வான்கூவர் தீவின் கிராஃப்டனுக்கு இன்னும் குறுகிய பயணம். லாங் ஹார்பரிலிருந்து வான்கூவர் பக்கமுள்ள சவாசனுக்குச் செல்லும் கப்பல், வழியில் எத்தனை தீவுகளில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒன்றரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி வரை எடுக்கும். மூன்றாவதற்கு முன்பதிவு உண்டு. முதல் இரண்டில், வரிசையில் முதலில் நிற்பவருக்கே இடம். அவசரம் என்றால் கான்ஜஸ் துறைமுகத்திலிருந்து கடல்விமானம் இருக்கிறது, செலவு அதற்கேற்ப.

கணக்கிட வேண்டியது பயண நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரத்தைத்தான். கோடை வார இறுதியில் ஒரு கப்பலைத் தவறவிட்டு அடுத்ததற்கும் இடமில்லாமல் நிற்பது சாதாரணம். குளிர்காலத்தில் காற்றாலோ, கப்பலில் ஆள் பற்றாக்குறையாலோ பயணம் ரத்தாகும். தினமும் விக்டோரியாவுக்கு வேலைக்குப் போய் வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். மாகாணத்தில் வாழும் 65 வயது நிறைந்தவர்களுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை பயணிக் கட்டணம் இல்லை, காருக்கு உண்டு.

உடல்நிலை சரியில்லாவிட்டால்?

கான்ஜஸில் லேடி மின்டோ மருத்துவமனை இருக்கிறது; அவசர சிகிச்சைப் பிரிவும் உண்டு. சிறிய மருத்துவமனை என்பதால், பெரிய அறுவை சிகிச்சைக்கும் சிறப்பு மருத்துவர்களுக்கும் விக்டோரியாவுக்கோ வான்கூவர் தீவின் வேறு மருத்துவமனைகளுக்கோ போக வேண்டும். நிலைமை மோசமானால் ஹெலிகாப்டர் வரும். மருத்துவர் பரிந்துரைத்து வெளியூரில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கச் செல்பவர்களுக்கு, மாகாணத்தின் பயண உதவித் திட்டத்தின் கீழ் ஃபெர்ரிக் கட்டணச் சலுகை கிடைக்கிறது. படிவத்தை மருத்துவரிடம் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். நிரந்தரக் குடும்ப மருத்துவர் கிடைப்பது கடினம். வாரத்துக்கு மூன்று நாள் சிகிச்சை தேவைப்படும் நோயோடு வாழ்பவருக்கு இந்தத் தீவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழந்தைகளின் படிப்பு?

தொடக்கப் பள்ளிகளும் ஒரு மேல்நிலைப் பள்ளியும் உண்டு. சுற்றியுள்ள சிறிய தீவுகளின் மாணவர்கள் இந்த மேல்நிலைப் பள்ளிக்குத் தினமும் விசைப்படகில் வருகிறார்கள். பள்ளியைவிடப் பெரிய கேள்வி, பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சிறு வட்டம் போதுமா என்பது. அதைப் பிள்ளையிடமே கேட்க வேண்டும்.

குளிர்காலம் உண்மையில் எப்படி?

குளிரைவிட இருட்டுதான் வாட்டும். டிசம்பரில் நான்கரை மணிக்கெல்லாம் இருண்டுவிடும். உயரமான மரங்களுக்கு நடுவிலுள்ள வீட்டில் அதற்கும் முன்பே. காற்றடித்தால் மரம் மின்கம்பியில் விழும். 2018 டிசம்பர் 20 அன்று வீசிய புயலில் கல்ஃப் தீவுகள் முழுவதும் மின்சாரம் அறுந்து, சில வீடுகளில் ஒரு வாரத்துக்கும் மேல் திரும்பவில்லை. கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும் என்பதால், விளக்கு அணைந்ததும் குழாயும் நின்றுவிடும். விறகு, சேமித்த தண்ணீர், மின்னாக்கி ஆகியவை தீவில் ஆடம்பரமல்ல.

ஆனால் தீவு தனக்குத் தானே திரும்பக் கிடைப்பதும் இந்த மாதங்களில்தான். பாடகர் குழு, நாடக ஒத்திகை, கூட்டுச் சமையல், பட்டறை வகுப்புகள் எல்லாம் குளிர்காலத்தில் நடக்கின்றன. நட்பு உருவாவதும் அங்கேதான்.

வெளியாரை ஏற்றுக்கொள்வார்களா?

தீவின் பெரும்பாலானவர்களே ஏதோ ஒரு காலத்தில் வெளியார்தான். 1859 முதல் குடியேறியவர்களில், அமெரிக்காவின் அடிமைமுறையிலும் நிறவெறியிலும் இருந்து விடுபட்டு வந்த கறுப்பினக் குடும்பங்கள் குறிப்பிடத்தக்கவை. அடிமையாகப் பிறந்த சில்வியா ஸ்டார்க் 1860-இல் இங்கே வந்து, நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, 1944-இல் இங்கேயே மறைந்தார். ஹவாய்த் தீவினரும் ஜப்பானியரும் வந்தார்கள். அந்த ஜப்பானியக் குடும்பங்களை 1942-இல் கனடா அரசு வெளியேற்றி நிலத்தைப் பறித்ததையும் சேர்த்தே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். வரவேற்பு எல்லாக் காலத்திலும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருந்ததில்லை.

இன்று முகம் சுளிப்பவர்கள் குறைவு. ஆனால் 'எத்தனை குளிர்காலம் இருந்திருக்கிறீர்கள்?' என்று கேட்பார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டித் தீவின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பரந்த நிலத்தில் நிறுவனம் ஒன்று மரம் வெட்டத் தொடங்கியபோது, தீவுப் பெண்கள் ஆடையின்றி நிழற்படம் எடுத்து நாட்காட்டி அச்சிட்டு விற்று, காட்டைக் காக்க நிதி திரட்டினார்கள். பர்கோய்ன் விரிகுடாவைச் சுற்றிய காடு இன்று மாகாணப் பூங்கா. இப்படிப்பட்ட நினைவுகளால் கட்டுண்ட சமூகத்தில், தீயணைப்புக்கோ நூலகத்துக்கோ தன்னார்வமாக உழைப்பவரை விரைவில் சேர்த்துக்கொள்வார்கள். தனிமை தேடி வந்து கதவைச் சாத்திக்கொள்பவரையும் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஆனால் மரம் விழுந்த இரவில் அவர் யாரைக் கூப்பிடுவார்?

அப்படியானால் முதலில் என்ன செய்வது?

இருக்கிற வீட்டை விற்காதீர்கள். 'செப்டம்பர் முதல் ஜூன் வரை' வீடு ஒன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் தொழிலையும் கூடவே கொண்டுபோய் ஒரு குளிர்காலம் முழுவதும் இருங்கள். பிறர் குறையாகச் சொல்லும் அந்த வாடகை முறை உங்களைப் போன்ற சோதனைக்காரருக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. ஜனவரியில் எத்தனை நாள் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்தீர்கள், எத்தனை நாள் ஃபெர்ரி அட்டவணையைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். ஜூனில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் குறிப்பேடு உங்கள் கையில் இருக்கும்.